தலைநகரில் தமிழ்க்குடி தந்த இரு கலைஞர்கள்

நம் சங்கத்தின் ஆண்டு மலரில் ‘தில்லித் தமிழர் தொண்டு’ என்னும் பொருள் பற்றி ஆண்டுதோறும் ஒரு கட்டுரையேனும் வெளிவருவது வழக்கம். செயலகத்தில் உயர்பதவி வகித்த பெரியோர், தமிழ்ப் பிள்ளைகளுக்கெனப் பள்ளிகள் கண்டவர்கள், இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மேல் முருகனுக்குக் கோயில் எடுத்தவர்கள், எலும்பை உலுக்கும் குளிரிலும் மார்கழி பஜனையைக் கைவிடாதவர்கள் என்று அவ்வரிசை நீண்டு செல்லும். அவர்கள் யாவரும் போற்றத் தக்கவர்களே. ஆயினும் அவ்வரிசையில் இருவர் பெயரை நான் ஒருபோதும் கண்டதில்லை. ஒருவர் ஜகதீஷ் சுவாமிநாதன். மற்றவர் விவான் சுந்தரம். இருவரும் தமிழ்க் குடும்பத்தில் தோன்றியவர்கள். இருவரும் இத்தலைநகரில் வாழ்ந்து, இங்கேயே மறைந்தவர்கள். இந்திய ஓவியக் கலையின் போக்கையே மாற்றியவர்கள் என்று கலையுலகத்தார் இவர்களைப் பற்றிப் பேசுகின்றனர். நாம் மட்டும் பேசவில்லை.

பேசாமைக்குக் காரணம் என்னவென்று எண்ணிப் பார்த்தால், சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில் நடைபெற்ற சிறுவர் ஓவியப் போட்டி என் நினைவுக்கு வருகிறது. தலைப்பு ‘தமிழர் பண்பாடு’. நடுவர் மூவரில் நானும் ஒருவன். (சித்திரம் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று எவரும் கேட்கவில்லை, நன்கொடைப் புத்தகம் ஏந்தி வீடு வீடாகச் சென்றவன் என்ற தகுதியே போதுமானதாயிருந்தது.) வந்த படங்களில் பெரும்பாலானவை கோபுரம், வள்ளுவர், பொங்கற்பானை, பரத நாட்டியம் ஆகியவையே. ஒரு சிறுமி மட்டும் ஒரு பழைய தகர டிரங்குப் பெட்டியை வரைந்திருந்தாள். மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் அவள் பாட்டனார் பெயரும் ஊர்ப் பெயரும். கைப்பிடியின் அருகே உண்மையான பழைய ரயில் டிக்கட்டு ஒன்றைப் பசையிட்டு ஒட்டியிருந்தாள். ‘இதில் தமிழ்ப் பண்பாடு எங்கே இருக்கிறது?’ என்று கூறி அதனை ஒதுக்கினோம். பெட்டியின் மீதிருந்த எழுத்து தேவநாகரியில் இருந்ததும் எங்கள் கண்ணை உறுத்தியிருக்கக் கூடும். அச்சிறுமிக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது. நம் காலனிப் பிள்ளைகளில் பலரும் அப்படித்தான்.

நிற்க. வரலாற்றுக்கு வருவோம்.

ஆங்கிலேயர் ஆட்சியில் இந்திய சர்க்கார் கோடை தோறும் சிம்லா மலைக்குக் குடிபெயர்ந்தது யாவரும் அறிந்ததே. 1903-ஆம் ஆண்டில் கால்காவிலிருந்து சிம்லாவுக்கு இரண்டரை அடி அகலமுள்ள இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அறுபது மைல் தூரம், நூற்றுக்கு மேற்பட்ட சுரங்க வழிகள். கோப்புகளும் கோப்புகளைக் கட்டும் குமாஸ்தாக்களும் அவர்தம் குடும்பங்களும் அப்பாதையில் ஏறி இறங்கினர். சென்னை மாகாணத்தவர் பலர் அவர்களில் இருந்தனர். அச்சிம்லா நகரில்தான் 1928-ஆம் ஆண்டில் சுவாமிநாதனும், பதினைந்து ஆண்டுகள் கழித்து 1943-இல் விவான் சுந்தரமும் பிறந்தனர். நம் முன்னோர் இந்நகரில் வேரூன்றிய அதே வழியில் வந்தவர்களே இவர்களும் என்பதைக் குறிக்கவே இதனைச் சொன்னேன்.

சுவாமிநாதனின் இளமை பெற்றோர் விரும்பத்தக்கதாக அமையவில்லை. தில்லி இந்துக் கல்லூரியில் மருத்துவப் படிப்புக்கான ஆரம்ப வகுப்பிற் சேர்ந்தவர், அதனைப் பாதியில் விடுத்துக் கல்கத்தாவுக்கு ஓடிப்போனார். பின்னர் அரசியலில் ஈடுபட்டுக் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். பத்திரிகைகளில் எழுதிப் பிழைத்தார். தில்லி பாலிடெக்னிக்கில் மாலை வேளையில் ஓவியம் பயின்றார். 1958-இல் போலந்து நாட்டின் வார்சா நகரக் கலைக்கழகத்திற்குச் சென்று சில காலம் பயின்று திரும்பினார். ‘லிங்க்’ என்னும் வார இதழில் அவர் எழுதிய கலை விமர்சனங்கள் பலரைச் சினங்கொள்ளச் செய்தன. கட்சியிலிருந்தும் விலகினார். முப்பது வயதைக் கடந்தும் நிலையான உத்தியோகம் இல்லாத ஒருவரை நம் காலனியில் எப்படி மதிப்போம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், குஜராத்திலுள்ள பவநகரில் ஒரு வீட்டில் சில ஓவியர்கள் கூடி ஒரு குழுவை நிறுவினர். குழுவிற்கு என்ன பெயரிடுவது? அவ்வீட்டின் கதவிலக்கம் 1890. அதையே பெயராக்கி ‘குழு 1890’ என்றனர். நம் சங்கத்தின் பெயரில் ‘முனிர்கா’ முதலில் வர வேண்டுமா, ‘தமிழ்’ முதலில் வர வேண்டுமா என்று மூன்று கூட்டங்களில் வாதிட்டவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். ஆனால் அவர்கள் கருத்து வேறு. மாநிலத்தின் பெயரோ, மொழியின் பெயரோ, கொள்கையின் பெயரோ தங்கள் தலைமேல் ஏறுவதை அவர்கள் விரும்பவில்லை.

குழுவில் பன்னிருவர் இருந்தனர். ஜெராம் படேல், ஹிம்மத் ஷா, அம்பாதாஸ், குலாம் முகமது ஷேக், ஜோதி பட், ராகவ் கனேரியா முதலியோர் அவருட் சிலர். சென்னைக் கலைக் கல்லூரியிற் பயின்ற ரெட்டெப்ப நாயுடுவும் அதில் உறுப்பினர். அவர்களுடைய முதற் காட்சி 1963-ஆம் ஆண்டு அக்டோபரில் தில்லி ரவீந்திர பவனில் நடைபெற்றது. தொடங்கி வைத்தவர் பிரதமர் ஜவாஹர்லால் நேரு. காட்சி மலருக்கு முன்னுரை எழுதியவர் அந்நாளில் மெக்சிகோ நாட்டின் தூதராகத் தில்லியில் இருந்த கவிஞர் ஆக்டேவியோ பாஸ். பின்னாளில், 1990-இல், இலக்கியத்திற்கான நோபெல் பரிசு பெற்றவர் இவரே. அம்முதற் காட்சியே அக்குழுவின் இறுதிக் காட்சியும் ஆயிற்று. அதன் பின்னர் அவர்கள் கூடிக் காட்சி வைக்கவில்லை.

ஒரே ஒரு காட்சி வைத்துக் கலைந்த குழுவை ஏன் இன்றும் நினைவு கூர்கின்றனர்? அவர்கள் வெளியிட்ட அறிக்கையே முதற் காரணம். அதில் மூன்று திசைகளையும் மறுத்தனர். ரவிவர்மாவின் படங்களை மறுத்தனர். நம் இல்லங்களில் பூசை அறையை அலங்கரிக்கும் லட்சுமியும் சரசுவதியும் அவர் தூரிகையின் வழிவந்தவர்களே என்பதை நினைத்தால், இம்மறுப்பு எத்தனை துணிவுடையது என்பது விளங்கும். பழமையைக் கனவு போல் தீட்டிய வங்காளப் பள்ளியையும் மறுத்தனர். பாரிஸைப் பார்த்து எழுதும் நவீனத்தையும் மறுத்தனர். அப்படியானால் ‘நம்முடையது’ என்பது எது? அவ்வினாவைத்தான் அவர்கள் நாட்டின் முன் வைத்தனர். விடுதலை பெற்றுப் பதினாறே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது.

மற்றொரு காரணம் அவர்கள் கையாண்ட பொருள்கள். ஜெராம் படேல் தூரிகையை ஒதுக்கிவிட்டு, சீறும் தீச்சுடர்க் கருவியால் மரப்பலகையைச் சுட்டுக் கருக்கி உருவங்களைத் தோற்றுவித்தார். ஹிம்மத் ஷா காகிதத்தை எரித்து அதன் ஓட்டைகளாலும் கருகிய விளிம்புகளாலும் படம் அமைத்தார். ராகவ் கனேரியா கழிவு இரும்பைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். கரியும் கந்தலும் கொண்டு கலை படைக்கும் இளைஞர்களுக்கு இத்தாலியில் ‘ஏழ்மைக் கலை’ என்று பெயர் சூட்டப்பட்டது 1967-ஆம் ஆண்டில்தான். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே தில்லியில் கருகிய பலகையை நேரு பார்த்துச் சென்றுவிட்டார்.

சுவாமிநாதன் தாம் தீட்டியவை அத்தனை கடுமையானவையல்ல. அறுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் அவர் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பத் தீட்டினார்: ஒரு மலை, ஒரு மரம், ஒரு பறவை. மஞ்சளோ சிவப்போ பரந்து கிடக்கும் வெளியில் பாறை மிதக்கும். அதன்மேலோ கீழோ சிறு பறவை ஒன்று அசையாது நிற்கும். எடை என்பதே அங்கு இல்லை. பகாரி மலைநாட்டுச் சிற்றோவியங்களின் வண்ணத்தை அதில் காணலாம் என்பர். அவர் பிறந்த மலையும் அதுதானே. நம் வீட்டுப் பெண்டிர் ஒரே புள்ளிக் கோலத்தை நாள்தோறும் இட்டும் சலிப்படையாதிருப்பது போன்றது இது என்று எனக்குத் தோன்றுகிறது. கலை அறிந்தோர் இவ்வொப்புமையை ஏற்பார்களோ, மாட்டார்களோ.

இவ்விடத்தில் சென்னையையும் ஒரு கணம் நோக்க வேண்டும். தில்லி சர்தார் படேல் சாலையோரம் காந்தியடிகள் முன்னே நடக்க, பத்துப் பேர் பின்தொடரும் ‘பதினொரு சிலைகளை’ நாம் பஸ்ஸிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அதனை உருவாக்கியவர் 1929 முதல் 1957 வரை சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்த தேவி பிரசாத் ராய் சௌதுரி. சென்னைக் கடற்கரையின் உழைப்பாளர் சிலையும் அவர் கைவண்ணமே. அவருடைய மாணவரும், அவருக்குப்பின் அப்பள்ளியின் தலைமை ஏற்றவருமான கே. சி. எஸ். பணிக்கர், கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. தில்லியில் குழு 1890 காட்சி வைத்த அதே 1963-இல் அவர் ‘சொற்களும் குறிகளும்’ என்னும் வரிசைப் படங்களைத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், கணக்குக் குறிகள், மலையாள எழுத்தைப் போன்ற கிறுக்கல்கள் ஆகியவை அப்படங்களில் நிறைந்திருக்கும். 1966-இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் ஓவியர்கள் தாமே நிலம் வாங்கிக் குடியேறிய கிராமத்திற்கு அவர் இட்ட பெயர் சோழமண்டலம். மலையாளி ஒருவர் சோழர் பெயரால் ஊர் சமைக்க, தமிழர் ஒருவர் தில்லியிலிருந்து இமயத்துப் பறவையைத் தீட்டிக் கொண்டிருந்தார். எவர் எதற்கு உரியவர் என்று பிரித்துக் காட்டப் புகுவோர்க்கு இது சற்றுச் சங்கடமான செய்தி.

சுவாமிநாதனின் பெரும்பணி இனித்தான் வருகிறது. போபால் நகரில் ஏரிக்கரையில் சார்லஸ் கொரியா வடிவமைத்த ‘பாரத் பவன்’ 1982-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதிலுள்ள ‘ரூபங்கர்’ என்னும் கலைக்கூடத்தின் இயக்குநராகச் சுவாமிநாதன் பொறுப்பேற்றிருந்தார். கூடத்தை நிரப்ப அவர் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் மட்டும் ஆள் அனுப்பவில்லை. இளம் மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து மத்தியப் பிரதேசத்தின் காடுகளுக்கும் பழங்குடிக் கிராமங்களுக்கும் அனுப்பினார். அவ்வாறு சென்ற ஒரு குழு மண்டலா மாவட்டத்தில் பாடன்கர் என்னும் சிற்றூரில் ஒரு வீட்டுச் சுவரில் தீட்டப்பட்டிருந்த அனுமார் உருவத்தைக் கண்டு நின்றது. வரைந்தவன் இருபது வயதை ஒட்டிய இளைஞன். பெயர் ஜன்கர் சிங் ஷியாம்.

இவ்விளைஞன் பர்தான் குலத்தவன். பர்தான்கள் யாரெனின், கோண்டு மக்களின் குலவரலாற்றையும் தெய்வக் கதைகளையும் ‘பானா’ என்னும் நரம்புக் கருவியை மீட்டி வீடுதோறும் சென்று பாடிப் பரிசில் பெற்றவர்கள். நம் பழம்பாணரை இதைவிட நெருங்கி ஒத்தவர் வேறெங்கும் இருப்பார்களா என்பது ஐயமே. புரவலர் வறுமையுற்றபோது பாணரும் வறுமையுற்றது போல, இவர்கள் பாட்டும் மங்கி, கூலி வேலைக்குச் செல்லும் நிலை வந்திருந்தது. சுவாமிநாதன் அவ்விளைஞனைப் போபாலுக்கு வரவழைத்துக் காகிதமும் வண்ணமும் கொடுத்தார். பாட்டில் இருந்த தெய்வங்கள் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் காகிதத்தில் இறங்கின. அத்தெய்வங்களில் பலவற்றிற்கு அதற்குமுன் உருவமே கிடையாது. இன்று ‘கோண்டு ஓவியம்’ என்று கைவினைச் சந்தைகளில் நாம் வாங்கும் படங்கள் யாவும் ஜன்கர் வகுத்த வழியில் வந்தவையே.

சுவாமிநாதன் இப்படங்களை நாட்டுப்புறக் கலை என்று தனி அறையில் ஒதுக்கவில்லை. நகரத்து ஓவியர் படங்கள் ஒருபுறமும் பழங்குடியினர் படைப்புகள் மறுபுறமுமாக ஒரே கூரையின்கீழ், ஒரே மதிப்பில் வைத்தார். இன்று நம்மோடு வாழும் மனிதன் இன்று செய்த கலை, அவன் காட்டில் இருந்தாலும் இக்காலக் கலையே என்பது அவர் வாதம். 1987-இல் வெளியிட்ட ‘உணரும் விரல்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலில் அதனை விரித்துரைத்தார். பாரிஸ் மாநகரில் 1989-இல் ‘மண்ணின் மந்திரவாதிகள்’ என்ற பெயரில் உலகின் கிராமத்துக் கலைஞர்களையும் நகரத்துக் கலைஞர்களையும் ஒன்றாக வைத்து ஒரு பெருங்காட்சி நடந்தது. உலகளாவிய சமகாலக் கலை என்று இன்று பேசப்படுவதன் தொடக்கமாகப் பலர் அதனையே குறிப்பர். போபாலில் அது நிகழ்ந்தது ஏழு ஆண்டுகளுக்கு முன்னர். அப்பாரிஸ் காட்சியில் ஜன்கரும் கலந்துகொண்டார்.

இக்கதையின் முடிவு துயரமானது. ஜப்பானில் தங்கிப் படம் வரையச் சென்ற ஜன்கர், 2001-ஆம் ஆண்டில் அங்கேயே தற்கொலை செய்துகொண்டார். அதற்கு ஏழாண்டுகளுக்கு முன்பே, 1994-இல், சுவாமிநாதன் தில்லியில் காலமாகிவிட்டார். காட்டுப் பாணனை நகரச் சந்தைக்கு அழைத்து வந்தது நன்மையா, தீமையா என்று அறிஞர்கள் வாதிடுகின்றனர். வேலை தேடி ஊரை விட்டு வந்த குடும்பங்கள் நம்முடையவை. இவ்வாதத்தில் ஒரு பக்கம் நின்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பாடன்கர் ஊரில் இன்று எத்தனையோ குடும்பங்கள் தூரிகையால் வாழ்கின்றன என்பதை மட்டும் சொல்ல வேண்டும்.

சுவாமிநாதன் கட்டுரைகளை ஆங்கிலத்திலும் கவிதைகளை இந்தியிலும் எழுதினார். அதனால் அவர் நம்மவர் அல்லர் என்று கூறுவோர் உண்டெனில், நம் வீட்டுப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுக் கூறட்டும்.

இனி விவான் சுந்தரம். இவருடைய தந்தையார் கே. வி. கே. சுந்தரம், ஐ.சி.எஸ்.; இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர். 1962, 1967 ஆகிய பொதுத் தேர்தல்கள் அன்னார் பொறுப்பில் நடந்தேறின. தாயார் இந்திரா, புகழ்பெற்ற ஓவியர் அம்ருதா ஷேர்கிலின் தங்கை. தாய்வழிப் பாட்டனார் பஞ்சாபிய சீக்கியர். பாட்டியார் ஹங்கேரி நாட்டவர். ஒரே குடும்பத்தில் தமிழும் பஞ்சாபியும் ஹங்கேரியமும் கலந்த விந்தை இது. பெரியம்மையாகிய அம்ருதா 1937-இல் தென்னாட்டில் சுற்றுப்பயணம் செய்து திரும்பித் தீட்டிய ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குச் செல்லும் தென்னிந்திய கிராமத்தினர்’ முதலிய படங்கள் இந்திய ஓவியத்தின் சிகரங்களாகக் கருதப்படுகின்றன. பூணூலும் குடுமியுமாக அமர்ந்திருக்கும் அப்பிரம்மச்சாரிகளை இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் மாளிகையிலுள்ள தேசிய நவீனக் கலைக்கூடம் தன் சேகரிப்பில் போற்றி வருகிறது. அம்ருதா 1941-இல், இருபத்தெட்டு வயதில், லாகூரில் மறைந்தார். தாம் பிறப்பதற்கு முன்பே மறைந்துபோன பெரியம்மையின் புகைப்படங்களை எடுத்து, 2001-இல் விவான் அவற்றை ஒன்றோடொன்று இணைத்துப் புதிய படங்களாக்கினார். குடும்ப ஆல்பமும் வரலாற்று ஆவணமே என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது.

விவான் பரோடாவில் பயின்று, 1966-இல் லண்டனுக்குச் சென்று ஸ்லேட் கலைப் பள்ளியில் கற்றார். மாணவர் கிளர்ச்சிகள் ஐரோப்பாவையே உலுக்கிய 1968-ஆம் ஆண்டில் அவர் அங்கிருந்தார். அத்தீ அவரை இறுதிவரை விடவில்லை. அரசியலைப் படத்திற்கு வெளியே நிறுத்திவிட்டு வண்ணம் குழைக்க அவரால் இயலவில்லை. 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போர் மூண்டபோது, எண்ணெய்க்காக நடக்கும் போரை எண்ணெய் வண்ணத்தால் தீட்டுவது அவருக்குப் பொருத்தமாகத் தோன்றவில்லை போலும். கரித்துண்டையும் உண்மையான இஞ்சின் ஆயிலையும் எடுத்துக் காகிதத்தின்மேல் ஓடவிட்டார். சுவரிலிருந்து இறங்கித் தரையில் வழியும் காகிதத்தின் அடியில் துத்தநாகத் தட்டில் ஆயில் தேங்கி நிற்கும். இஞ்சின் ஆயிலின் மணம் எனக்குப் பழகிய மணம். ஒரு முறை வேட்டியில் பட்டால் எத்தனை வெளுப்பிலும் போகாத கறை அது.

1992 டிசம்பரில் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதையும், அதனையடுத்துப் பம்பாயில் மூண்ட கலவரங்களையும் நாம் மறக்கவில்லை. அக்கலவரத்தில் தெருவில் இறந்து கிடந்த ஒரு மனிதரின் புகைப்படத்தை ஹோஷி ஜால் என்னும் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் எடுத்திருந்தார். நாளிதழில் வெளியாகி மறுநாளே பழைய காகிதமாகிவிடும் படம். விவான் அதனை எடுத்து 1993-இல் ‘நினைவுச் சின்னம்’ என்னும் படைப்பை உருவாக்கினார். அப்படத்தின் பல படிகளின்மேல் ஆணிகளை நெருக்கமாக அறைந்தார்; சிலவற்றில் ஆணிகளே பிணத்திற்குப் போர்வை போல் அமைந்தன. அரசர்க்கும் படைவீரர்க்கும் எழுப்புவது போன்ற ஒரு தோரண வாயிலையும் அமைத்தார். பெயரும் ஊரும் அறியப்படாத அம்மனிதருக்கு அவ்வாயிலை எதனால் கட்டினார்? சலவைக் கல்லால் அன்று. தகர டிரங்குப் பெட்டிகளை அடுக்கிக் கட்டினார்.

நூலகத்தில் ஒரு புத்தகத்தில் அவ்வாயிலின் படத்தைக் கண்ட அன்று நான் நெடுநேரம் பக்கத்தைத் திருப்பவில்லை. டிரங்குப் பெட்டி என்பது என்ன? ஊரை விட்டுப் புறப்படுகிறவன் தன் வீட்டை மடித்து வைத்துக் கொள்ளும் இடம். பார்சல் ஆபீஸ் தராசில் அது எத்தனை கிலோ என்பதை மட்டும் நான் இத்தனை காலம் பார்த்து வந்திருக்கிறேன். கலவரத்தில் உயிர் தப்பியவர்கள் கையில் எடுத்தோடியதும் அதுவே. 1947-இல் எல்லையைக் கடந்தவர்கள் சுமந்ததும் அதுவே. என் தகப்பனார் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் பலகையின் கீழ்த் தள்ளிவைத்துக் கொண்டுவந்ததும் அதுவே. நம் காலனிச் சிறுமி வரைந்ததும் அதுவே. நடுவர் மூவரில் ஒருவனாக நான் இட்ட மதிப்பெண் பத்துக்கு மூன்று.

இவ்வாறு பொருள்களை ஓரிடத்தில் அமைத்துக் காட்டும் முறையை ஆங்கிலத்தில் ‘இன்ஸ்டலேஷன்’ என்று வழங்குவர். இது படமா, சிற்பமா, பழைய சாமான் கடையா என்று நகைப்போர் உளர், நானும் நகைத்தவனே. ஆனால் பொருளுக்கு நினைவு உண்டு என்பதை மறுக்க முடியவில்லை. ஆப்பிரிக்கக் கலைஞர் எல் அனட்சுயி மதுப்புட்டிகளின் நெளிந்த மூடிகளை ஆயிரக்கணக்கில் கம்பியால் கோத்து, அரசரின் பட்டாடை போன்ற பெருந்திரைகளைச் செய்கிறார். அடிமை வாணிகத்தோடு அக்கண்டத்தில் புகுந்த மதுவின் வரலாறு அவ்வாடையில் மின்னுகிறது. விவான் 2005-இல் பன்னிரண்டு இரும்புக் கட்டில்களை மருத்துவமனைக் கூடம் போல் வரிசையாக இட்டு, மெத்தைக்குப் பதிலாகத் தேய்ந்து எறியப்பட்ட செருப்பு அடிகளைக் கட்டித் தொங்கவிட்டார். பின்னர் குப்பை பொறுக்குவோர் திரட்டிய தில்லி நகரத்துக் குப்பையைக் கொண்டே தம் பணிக்கூடத் தரையில் ஒரு முழு நகரத்தைச் சமைத்துப் படம் பிடித்தார். தெருக்கள், மாடங்கள், கோபுரங்கள் யாவும் டப்பாவும் பிளாஸ்டிக்குமே. காலையில் நம் வாயிலில் வந்து சீட்டியடிக்கும் குப்பை வண்டிக்காரர் எடுத்துச் செல்வதும் அதில் ஒரு சந்தாக இருந்திருக்கும்.

2018-ஆம் ஆண்டில் சாகேத்திலுள்ள கிரண் நாடார் அருங்காட்சியகம் அவருடைய ஐம்பதாண்டுப் பணியைத் திரட்டிக் காட்சி வைத்தது. அதனை நிறுவிய அம்மையார், தூத்துக்குடிச் சீமையிலிருந்து புறப்பட்டு வந்து தொழில் கண்ட சிவ் நாடாரின் துணைவியார். அனுமதிக் கட்டணம் கிடையாது; நம் காலனிக்கு அதிக தூரமும் இல்லை. ஆயினும் நான் செல்லவில்லை. ஒரு ஞாயிறு சங்கக் கூட்டம், மறு ஞாயிறு வீட்டில் தண்ணீர் மோட்டார் பழுது என்று நாட்கள் கழிந்தன. நம்மவரில் எவரேனும் சென்று வந்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. 2023-ஆம் ஆண்டு மார்ச்சு 29-ஆம் நாள் விவான் தில்லியில் காலமானார்.

அவருடைய படைப்பொன்றைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. சேர நாட்டு முசிறித் துறைமுகத்தைப் பள்ளியில் தமிழ் பயின்றோர் அறிவர். யவனர் மரக்கலங்கள் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்றதைச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கின்றனர். கேரளத்தில் பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் துண்டுகளும், மணிகளும், எண்ணற்ற பானை ஓடுகளும் கிடைத்தன. பழைய முசிறி அதுவே எனப் பல ஆய்வாளர் கருதுகின்றனர். ஆய்வுக்குப் பயன்படாதெனக் கழித்த ஓடுகள் மலையளவு குவிந்து கிடந்தன.

2012-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் கொச்சியில், நம் நாட்டின் முதல் பியென்னாலே என்னும் ஈராண்டுக் கலைவிழா முசிறியின் பெயரையும் சேர்த்துக் கொண்டு தொடங்கிற்று. விவான் அவ்விழாவிற்காக அக்கழிவு ஓடுகளைக் கேட்டு வாங்கினார். கடலோரப் பழைய பண்டசாலையில் அவற்றை அடுக்கிச் சுவரும் தெருவும் மேடும் பள்ளமுமாக ஒரு நகரத்தைத் தரையிற் கட்டினார். அதன்மேல் நீர் புகுந்து பெருகுவதையும், நீரில் மிளகு மிதந்து செல்வதையும் திரையில் காட்டினார். ‘கறுப்புப் பொன்’ என்பது அதன் பெயர். சிம்லாவில் பிறந்து, டேராடூனிலும் பரோடாவிலும் லண்டனிலும் பயின்று, தில்லியில் வாழ்ந்த அம்மனிதர் தம் அறுபத்தொன்பதாம் வயதில் தரையில் குனிந்து அமர்ந்து, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு குயவன் வனைந்து, ஏதோ ஒரு வீட்டில் உடைந்துபோன ஓடுகளை ஒவ்வொன்றாக எடுத்து முசிறியின் தெருக்களை அடுக்கினார்.